சீனி மயிலும் பன்னீர்ச் செம்பும்

பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று தெரிய, கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவோம். இறுகிய சொட்டை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினால் ‘டிண்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் சட்டியை இறக்க வேண்டியதுதான். எனக்கு அந்தச் சத்தம் கேட்ட பிறகும் நம்பிக்கை வராது. இன்னொரு சொட்டு விடுவேன். அதுவும் ‘டிண்’ என்னும். காது ஏமாற்றுகிறதோ என்று மறுபடி ஒன்று.

“விட்டா சட்டியில இருக்கிறது பூராத்தையும் சொட்டுச் சொட்டாத் தண்ணியில விட்டுப் பாத்துட்டு, பதம் சரியாத்தான் இருந்துச்சும்பான்” என்பாள் என் ஆத்தா. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கியபடியே, என்னைப் பார்க்காமல் சொல்வாள்.

அறுபதுகளின் பின்பாதி அது. காரைக்குடியில் ஓட்டுக்கூரை போட்ட வாடகை வீட்டில் நானும் ஆத்தாவும் இருந்தோம். ஜவ்வு மிட்டாய் செய்து, மூங்கில் கம்பில் சுற்றி, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டிருந்தேன். படிப்பு வராமல் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் அடுப்பை அணைத்தார்களா, ஆத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்திருப்பாளோ என்று நினைப்பு ஓடும். மணி அடிப்பதற்குள் எழுந்து ஓடி வந்துவிடுவேன். என்னைப் பெற்ற ஐயா இறந்த வருஷம் அப்படி ஓடி வந்தவன் திரும்பிப் போகவில்லை.

இறக்கிய பாகை எண்ணெய் தடவிய கருங்கல் பலகையில் ஊற்றினால் தேன் நிறத்தில் பரவும். ஓரம் இறுக இறுக நடுவுக்கு மடித்துக்கொண்டே வர வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உருட்டி எடுத்து, தூணில் அடித்திருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டி இழுப்பேன். இழுத்ததை மடித்து மறுபடி கொக்கியில் போட்டு மறுபடி இழுப்பேன். கண்ணாடி போல இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பிறகு உள்ளே காற்று புகுந்து பட்டு நூல் மாதிரி ஒரு மினுமினுப்பு ஏறும். கடைசியில் வெள்ளையாகி, வெள்ளைக்குள்ளே இன்னொரு வெள்ளை ஓடுவது தெரியும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கவலை கிடையாது. கை போகும், சீனி வரும். ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் வெயில் அதன் மேல் வழுக்கி வழுக்கி ஓடும். சீனியை இழுக்கிறேனா, வெயிலைப் பிடித்து இழுக்கிறேனா என்று தோன்றும். எவ்வளவு நேரம் இழுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “போதும்டா. இன்னும் இழுத்தா மணலா உதுந்துரும்” என்று ஆத்தா சொன்னால்தான் வீட்டுக்குள் நிற்பதே ஞாபகம் வரும்.

பாதியில் ரோஸ் சாயம் சேர்த்து, வெள்ளையும் ரோஸுமாகக் கம்பில் சுற்றிக்கொண்டு மத்தியானம் கிளம்புவேன். கம்பின் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை. கீழே தொங்கும் கயிற்றை இழுத்தால் பொம்மை கையிலிருக்கும் தாளத்தைத் தட்டும். செட்டியார் வீட்டுத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி வீடுகளில் ஆட்கள் கடல் தாண்டிப் போயிருப்பார்கள். உயரமான மதில்களுக்கு நடுவே அந்த மத்தியான வெயிலில் தாளச்சத்தம் எனக்கு முன்னால் போய், எங்கோ ஒரு மூலையில் திரும்பி, எனக்குப் பின்னாலிருந்து வரும். இன்னொரு மிட்டாய்க்காரன் என் பின்னாலேயே வருகிறான் என்று பல நாள் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். தெரு முழுக்க வெயில் மட்டும் கிடக்கும்.

சில நாள் பஸ் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போவேன். அங்கேதான் அவளை முதலில் பார்த்தது. அண்ணன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வாட்ச் கேட்டது. மிட்டாயைக் கம்பிலிருந்து இழுத்து, வட்டம் வைத்து, முள் வைத்து, மணிக்கட்டில் ஒட்டிவிட்டேன்.

“எனக்கும் ஒண்ணு” என்றாள்.

“என்ன செய்யட்டும்? கிளியா, மயிலா?”

“அகப்பை செய்வீகளா?”

“அகப்பையா? அதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே.”

“அதான் நான் கேக்குறேன். வாட்சக் கட்டிக்கிட்டு நான் எந்த ஆபீசுக்குப் போகப் போறேன்?”

ரோஸ் நிறத்தில் ஒரு அகப்பை செய்து கொடுத்தேன். காம்பு கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “குழி பத்தாது. இதுல சாம்பாரு நிக்காது” என்று சொல்லிவிட்டு, காம்பிலிருந்து தின்னத் தொடங்கினாள். திரும்பி வரும் பஸ்ஸில் முழு வழியும் அகப்பைக் குழியை எப்படி ஆழமாக்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் சிவகங்கைப் பக்கமும் காளையார்கோவில் பக்கமும் போவது குறைந்து, கீழச்சிவல்பட்டிக்குப் போவது கூடியது.

அவளுடைய அப்பா கல்யாணச் சமையல்காரர். சுற்றுவட்டத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காய் நறுக்க, மாவு ஆட்ட என்று வரும் பெண்களோடு அவளும் போவாள். விஷயம் எப்படியோ ஆத்தாவுக்குத் தெரிந்து, என் தாய்மாமனைப் பேசிப் பார்த்து வரச் சொல்லி அனுப்பினாள். மாமா போனார், வந்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னண்ணே சொன்னாக?” என்றாள் ஆத்தா.

“பொம்மையக் கம்புல கட்டிக்கிட்டுத் தெருவுல தாளம் தட்டுறவனுக்கா என் பிள்ளையக் குடுக்குறது, ஒரு மழை பேஞ்சா அவன் பொழப்பே கரைஞ்சு போகுமேன்னு கேக்குறாரு.”

“அவரு ரசத்துல உப்பு கரையாமயா இருக்கு” என்றாள் ஆத்தா. மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஐப்பசி மழையில் கம்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

அந்தத் தை மாதத்தில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் வந்தது. அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில் இன்னும் பிரிக்காத பாத்திர மூட்டைகள்.

“ஏப்பா, நீ கம்புல சுத்துறது மட்டுந்தானா, நிக்கிற மாதிரி எதும் செய்வியா?”

“எதுக்குங்க ஆச்சி?”

“எங்க அப்பச்சி கொழும்புல ஒரு விருந்துக்குப் போயிருந்தாக. மேசை நடுவுல சீனியிலயே அன்னம் செஞ்சு வச்சிருந்தாகளாம். அதச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு வயசாயிருச்சு. எங்க வீட்டுப் பிள்ள கல்யாணத்துக்கு நீ ஒரு மயில் செஞ்சு குடு. முகப்புல, வாரவுகள வரவேற்கிற மேசையில வைக்கணும்.”

“ஆச்சி, இது பனிக்காலம். ஈரம் பட்டா சீனி நிக்காது.”

“வெள்ளியும் எவர்சில்வரும் எல்லா வீட்டுலயும் பரப்பித்தான் வைக்கிறாக. அத யாரு நின்னு பாக்குறா? நிக்க வைக்கத் தெரியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாக்குறேன்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் ‘சரிங்க ஆச்சி’ என்று சொல்லிவிட்டது. பின்வாசல் வழியாக வெளியே வந்தால், கொட்டகை போட இடம் பார்த்துக்கொண்டு அவளுடைய அப்பா நிற்கிறார். அந்தக் கல்யாணத்துக்கும் அவர்தான் சமையல். தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

“தம்பி, நில்லு. ஒன் மாமன் வந்து பேசிட்டுப் போனாரு.”

“ஆமாங்க.”

“மயிலு செய்யப் போறியாமே. ஆச்சி சொன்னாக. நீ ஒண்ணு செய். அந்த மயிலு கடைசிப் பந்தி எந்திரிக்கிற மட்டும் நிக்கட்டும். நின்னுச்சுன்னா நானே ஒங்க வீட்டுக்கு வாரேன். நிக்கலேன்னா எங்க ஊருப் பக்கம் கம்பத் தூக்கிக்கிட்டு வராத. என்ன?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் நான் நினைக்காத கெடுதல் இல்லை. எறும்பு வரும். ஈ மொய்க்கும். எலி கடிக்கும். விளக்குச் சூட்டில் இளகும். பிள்ளைகள் வாலைப் பிய்ப்பார்கள். பனி இறங்கும். கொண்டுபோகும் வழியில் மாடு முட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று யோசித்தேன். எறும்புக்கு மஞ்சள்பொடிக் கோடு. பனிக்கு, மரப்பெட்டியின் அடியில் நீர் படாத கல் சுண்ணாம்பு. அது ஈரத்தையெல்லாம் தான் குடித்துக்கொள்ளும். சின்னதாக ஒரு குருவி செய்து அந்தப் பெட்டியில் வைத்து, தினமும் திறந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

“மயிலுக்குப் பயப்படுறியா, அந்த ஆளுக்குப் பயப்படுறியா?” என்று கேட்டாள் ஆத்தா.

“ரெண்டுக்கும்.”

“அந்தப் பிள்ளைக்கு?”

நான் எழுந்து போய் அடுப்பைக் கிளறினேன்.

வெள்ளை மயிலாகத்தான் செய்தேன். பச்சைச் சாயம் போட்டால் கசிந்துவிடுமோ என்று பயம். கம்புக்கு இழுப்பதைவிடப் பாகை இன்னும் இறுக விட்டு, பனி விலகிய பிறகு தொடங்கி, வெயில் இருக்கும்போதே செய்து முடித்தேன். உடம்பைத் திரட்டி, அதற்குத் தடித்த இரண்டு கால் வைத்து, கழுத்தை இழுத்து வளைத்து, நிமிர்த்திப் பிடித்தபடி அது ஆறும் வரை அசையாமல் இருந்தேன். ஆத்தா விசிறினாள். பிறகு தோகை. ஒவ்வொரு இறகையும் பாகிலிருந்து கிள்ளி, விரல் நுனியால் மெல்லிசாக இழுத்தால், இழுத்த இடத்தில் பட்டுப்புடவைக் கரை மாதிரி ஒரு பளபளப்பு ஓடும். நுனியில் கொஞ்சம் ரோஸ். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நான் செய்கிறேன் என்பதே விட்டுப்போயிற்று. அது உள்ளேயிருந்து தானாக விரிகிறது, நான் சும்மா கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது. வாசலில் தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா, குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள். எப்போது போனாள் என்று தெரியாது.

கல்யாணத்தன்று வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து பெட்டியைத் தூக்கினேன். ஆத்தா முன்னால் நாய்களை விரட்டிக்கொண்டு போனாள். “தள்ளிக்கங்க, மயிலு வருது.” டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மயிலு எங்க ஆத்தா?”

“பெட்டிக்குள்ள.”

“உசுரோடயா?”

“இவனப் பாருங்க. மயிலுக்கு இருக்கிற உசுருகூட இவனுக்கு இல்ல.”

கல்யாண வீட்டு வாசல் வரை வந்துவிட்டு ஆத்தா திரும்பிப் போனாள். பந்தலுக்கு அந்தப் பக்கம், முகப்பில் மேசை தயாராக இருந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள், மேலே வண்ணக்கண்ணாடி ஜன்னல்கள். ஆச்சி சொன்ன இடத்தில் மயிலை வைத்தேன். பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் நேராக அதன் தோகையில் விழுந்தது. நான் போட மறுத்த சாயத்தையெல்லாம் சூரியன் போட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் ஆச்சிக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது போல. “அப்பச்சி இருந்திருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

மேசையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், தட்டில் கற்கண்டு, வெள்ளிப் பன்னீர்ச் செம்பு எல்லாம் வரிசையாக இருந்தன. பன்னீர்ச் செம்பைப் பார்த்தேன். பார்த்தும் மனதில் படவில்லை. நான் போன எல்லாக் கல்யாணத்திலும் என் தலையில் பன்னீர் விழுந்திருக்கிறது. எலியை நினைத்தேன், மாட்டை நினைத்தேன். இதை நினைக்கவில்லை.

பெண்ணின் தாய்மாமன், அவர்கள் வழக்கப்படி அம்மான், வந்து செம்பைக் கையில் எடுத்தார். பருத்த உடம்பு, தங்கப் பித்தான் வைத்த சட்டை. கைக்கு நல்ல வேகம். “வாங்க வாங்க வாங்க” என்று மூன்று தடவை சொன்னால் மூன்று தடவை உதறுவார். முதல் கூட்டம் உள்ளே போனதும் மயிலைப் பார்த்தேன். தோகை முழுவதும் பொடிப்பொடியாகத் துளிகள். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு வண்ணக்கண்ணாடி. சொன்னால் நம்பமாட்டார்கள், என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. அதே சமயம் அது கரைய ஆரம்பித்துவிட்டது என்றும் தெரிந்தது.

“மயிலுக்கு வேர்க்குது பாருங்க” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மேசை நுனியில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்தேன். மயிலுக்கு விசிற ஆரம்பித்தேன். அம்மான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏப்பா, கல்யாணத்துக்கு வந்தவுக இம்புட்டுப் பேரு வேர்த்து நிக்கிறாக. நீ மயிலுக்கு விசுறுற.”

“ஈரம் படுதுங்க.”

“பன்னீரு படத்தான செய்யும். வாங்க வாங்க வாங்க.”

வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிக்காதே என்று கல்யாண வீட்டில் எவன் சொல்வான்? மயிலை உள்ளே தள்ளி வைக்கலாமென்றால் ஆச்சி வைத்த இடம், கேட்காமல் தொடவும் பயம். ஆச்சியோ மாப்பிள்ளை வீட்டாரோடு உள்ளே. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, செம்புக்கும் மயிலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் உதற உதற என் மேல் விழுந்தது. தலையில், தோளில், காதுக்குள். வந்தவர்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. நாதஸ்வரம் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலைகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. பன்னீர் வாசனை தலைக்கு ஏறி, நான் எங்கே நிற்கிறேன், எதற்கு நிற்கிறேன் என்பதெல்லாம் தூரத்தில் யாரோ ஒருவனுக்கு நடப்பதாக இருந்தது. கை மட்டும் விசிறிக்கொண்டே இருந்தது.

“நீ யாருப்பா, மாப்பிள்ளைக்குத் தம்பியா?” என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுப் போனார்.

எவ்வளவு மறைத்தாலும் பக்கவாட்டில் கொஞ்சம் விழுந்துகொண்டுதான் இருந்தது. தாலி கட்டி, முதல் பந்திக்கு ஆட்கள் எழுந்து போனபோது திரும்பிப் பார்த்தேன். தோகையில் இரண்டு இறகுகள் மேசைமேல் விழுந்திருந்தன. மற்றவை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே விசிறியாகிவிட்டன. நிமிர்ந்திருந்த கழுத்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. தொட்டால் இன்னும் போய்விடும். தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்து குனிவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் குனிந்திருக்கும். தூக்கம் வருகிறவர்களுடைய தலை மாதிரி.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் கற்கண்டுத் தட்டோடு வந்தாள். மேசையிலிருந்த தட்டு காலியாகியிருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஈரச் சட்டையைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள்.

“என்ன, இப்படி நனைஞ்சு நிக்கிறீக?”

“குனியுது” என்றேன்.

அவள் மேசைக்குக் கிட்டே வந்தாள். காலித் தட்டை எடுத்துவிட்டு, புதுத் தட்டை அந்த இடத்தில் வைக்காமல், மயிலுக்கு முன்னால், அலகுக்கு நேர்கீழே வைத்தாள். கற்கண்டை விரலால் குவித்து நடுவில் மேடாக்கினாள். தூசி துடைப்பதுபோல மேசையை ஒரு துடை துடைத்து, விழுந்த இரண்டு இறகையும் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் பந்தி நடக்கும்போது அலகு கற்கண்டில் போய்த் தொட்டது. அதோடு நின்றது. கற்கண்டு அதைத் தாங்கிக்கொண்டது.

பிறகு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். “கற்கண்டக் கொத்துது பாரேன்” என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அம்மான் தாமே செய்ததுபோல ஒவ்வொருவருக்கும் சொன்னார். “மயிலு கொத்தின கற்கண்டு, எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க.” அவர்கள் ஓரத்தில் எடுத்தார்கள். நடுவில் எடுத்துவிடக் கூடாதே என்று நான் ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பில் பன்னீர் தீர்ந்து, வருகிறவர்களும் குறைந்து, அம்மான் செம்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு அவளுடைய அப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்ன தம்பி, குளிச்சியா?”

“பன்னீருங்க.”

மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து பார்த்தார்.

“கொத்துற மாதிரியேதான் செஞ்சு கொண்டாந்தியா? பந்தியில எல்லாரும் இதத்தான் பேசுறாக.”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்ல வாய் எடுத்தேன். பிறகு எப்போதாவது, எங்கேயாவது, யார் மூலமாவது தெரிந்துபோனால் என்று அந்த ஒரு நிமிஷத்திலேயே ஆயிரம் பயம் வந்துவிட்டது.

“இல்லங்க. நிமிந்துதான் இருந்துச்சு. பன்னீரு பட்டுத் தானாக் குனிஞ்சிருச்சு.”

“நான் என்ன சொல்லியிருந்தேன்?”

“நிக்கணும்னு.”

“இது நிக்கிதா?”

நான் மயிலைப் பார்த்தேன். அதுவும் என்னைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

“கழுத்துதானப்பா குனிஞ்சிருக்கு” என்று உள்வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. தட்டை எடுக்க வந்த அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “காலு நிக்கிதுல்ல.”

அவர் திரும்பினார். “ஒனக்கு இங்க என்ன வேலை?”

“கற்கண்டுத் தட்டு எடுக்க வந்தேன்.”

“இது இந்த எடத்துக்கு எப்படி வந்துச்சு? சந்தனத்துக்குப் பக்கத்துலதான காலையில இருந்துச்சு?”

“நாந்தான் வச்சேன். விழுந்தா தட்டுல விழட்டும்னு. கீழ விழுந்தா எறும்புக்குத்தான போகும்?”

அவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மயிலை இன்னும் ஒருமுறை, கால்களை மட்டும், குனிந்து பார்த்தார். தட்டின் ஓரத்திலிருந்த இறகில் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே கொஞ்ச நேரம் வண்ணக்கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். வெளிச்சம் அதற்குள் மேசையைவிட்டுத் தரைக்கு இறங்கியிருந்தது.

“வெள்ளிக்கிழம வாரேன். ஒங்க ஆத்தாட்ட சொல்லு” என்றார். நாலடி நடந்தவர் நின்றார். “விருந்து கிருந்துன்னு எதும் செஞ்சு வைக்க வேணாம்னு சொல்லு. இலையப் பாத்தாலே எனக்குக் கண்ணக் கட்டுது. ரசமும் அப்பளமும் போதும்.”

அவள் நிலையை விட்டு எப்போது உள்ளே போனாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது.

எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதில்கள் வந்தன, போயின. சட்டை முதுகில் ஒட்டி, காய்ந்து, மறுபடி நடக்க நடக்க மணத்தது. ஒரு வீட்டுப் பின்வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தக்காரன் மாதிரி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். எதற்குப் போட்டேன் என்று தெரியாது.

ஆத்தா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருப்பாள் போல.

“நின்னுச்சா?”

“குனிஞ்சிருச்சு ஆத்தா.”

அவள் முகம் விழுந்தது. “போகட்டும் விடு” என்று எழப் போனாள்.

“வெள்ளிக்கிழம வாராக.”

“குனிஞ்சிருச்சுங்கிற. வாராகங்கிற.”

“காலு நின்னுச்சு. அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு.”

ஆத்தா எழுந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்து சட்டைத் தோளைப் பிடித்து மோந்து பார்த்தாள். “அந்தப் பிள்ளை சொல்லுச்சா” என்றாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“என்ன செய்ற ஆத்தா?”

“புளி இருக்கான்னு பாக்குறேன். வாரவரு சமையக்காரரு. ரசம் வைக்கணும்ல.”

“ரசம்தான் கேட்டாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ரசமா கேட்டாரு?” என்றாள் ஆத்தா. பாத்திரச் சத்தம் நின்றது. “அப்ப அன்னைக்கி ரசத்துல உப்பு கரையாதான்னு நான் சொன்னத ஒன் மாமன் போய் அவருகிட்டச் சொல்லிருக்கான்.”

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ரசத்தில் உப்பு சரியாக இருக்குமா என்று அன்றைக்கே எனக்குக் கவலை வந்துவிட்டது.